குடை விரிந்திருக்கும் வரை

நவம்பர் 11, செவ்வாய்

எல்லாரும் தூங்கிவிட்டார்கள். சமையலறை விளக்கை மட்டும் போட்டுக்கொண்டு எழுதுகிறேன். அம்மா எழுந்து வந்தால் தண்ணீர் குடிக்க வந்தேன் என்று சொல்ல ஒரு டம்ளரைப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

யாரிடமும் சொல்லக் கூடாது என்று அப்பா சொல்லியிருக்கிறார். நோட்டில் எழுதுவது சொல்வதில் சேராது என்று நினைக்கிறேன்.

மாலை பள்ளி விட்டதும் வழக்கம்போல் கோயம்புத்தூர் கணபதியில் இருக்கும் ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். அப்பா அங்கே ஒரு ரேஸ் டீமுக்கு மெக்கானிக். இந்த ஞாயிற்றுக்கிழமை சென்னைக்கு வெளியே தென்னகக் கிராண்ட் பிரி கார் ரேஸ் நடக்கிறது. எங்கள் டீமின் நீலக் கார், நம்பர் 31, அதில் ஓடுகிறது. ஒரே ஓர் ஆள் உட்காரும், கூரை இல்லாத கார். ஓட்ட வேண்டியவர் நவநீத் அண்ணன். நேற்று ராத்திரி அவருக்கு அம்மை போட்டுவிட்டதாம்.

நான் உள்ளே நுழையும்போது சேவியர் மாமா பேசிக்கொண்டிருந்தார். அவரும் மெக்கானிக்தான்.

“மோகா, மூணு நாள்ல எவனப் போயித் தேடறது? ஓனரே சொல்லீட்டாரு. நீயே உக்காரு.”

அப்பா ஒரு ஸ்பானரைத் துடைத்துக்கொண்டிருந்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது. ரொம்ப நேரம் துடைத்துவிட்டு, “சரி” என்றார்.

அப்புறம்தான் என்னைப் பார்த்தார்.

“எப்ப வந்தே அம்மிணி?”

“நீங்க சரின்னு சொன்னப்ப.”

சேவியர் மாமா டீ வாங்கப் போகிறவர் மாதிரி நழுவிவிட்டார். அப்பா என் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தார். “அம்மாகிட்டச் சொல்லீராத கண்ணு. எப்பவும் போல மெக்கானிக்காப் போறேன்னே இருக்கட்டும். இந்த ஒரு தடவைதான்.”

“என் தலை?” என்று கேட்டேன்.

“அதெல்லாம் ஒண்ணும் ஆகாது சாமி” என்றார். ஆனால் என் தலையைப் பார்க்காமல் என் ஷூவைப் பார்த்துச் சொன்னார்.

எனக்கு ஏழு வயதாக இருக்கும்போது அப்பா மழையில் ரேஸ் ஓட்டி, கார் வழுக்கி, டயர் அடுக்கிய சுவரில் மோதினார். தொடையில் கம்பி வைத்தார்கள். ஆஸ்பத்திரியில் அம்மா என்னைக் கட்டில் பக்கத்தில் நிறுத்தி, அப்பாவின் கையை இழுத்து என் தலைமேல் வைத்து, “இவ தலைல அடிச்சுச் சத்தியம் பண்ணுங்க, இனிமே ரேஸ்ல வண்டியோட்ட மாட்டேன்னு” என்றாள். அப்பா செய்தார். அந்தக் கையில் டெட்டால் வாசம் அடித்தது. அது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

சத்தியத்தை மீறினால் யார் தலைமேல் செய்தோமோ அந்தத் தலை வெடித்துவிடும் என்று என் வகுப்பு ஹரிணி சொல்லியிருக்கிறாள். அவளுடைய பெரியப்பா இனிமேல் குடிக்க மாட்டேன் என்று ஒரு கன்றுக்குட்டியின் தலையில் அடித்துச் சத்தியம் செய்தாராம். பொங்கலுக்குக் குடித்தார். கன்று செத்துவிட்டது. அது ஏற்கெனவே சீக்காக இருந்த கன்று என்பதை ஹரிணி கடைசியில்தான் சொன்னாள்.

எனக்குப் பயம் இல்லை. சும்மா எழுதி வைக்கிறேன்.

இந்த நோட்டை அம்மாவின் தையல் மெஷினுக்குக் கீழே இருக்கும் வெட்டுத்துணிப் பையில் அடியில் வைக்கப் போகிறேன். அந்தப் பையை யாரும் தொட மாட்டார்கள்.

நவம்பர் 12, புதன்

காலையில் இட்லி சாப்பிடும்போது அம்மா திடீரென்று, “ஏனுங்க, இந்தத் தடவை தர்ஷிணியையும் கூட்டிட்டுப் போயிட்டு வாங்க” என்றாள்.

அப்பாவுக்குப் புரையேறிவிட்டது. “இவளையா? ஸ்கூலு?”

“ரெண்டு நாளு லீவு போட்டா ஒண்ணும் முழுகீராது. அவளும் எங்க போனா, பாவம்.”

ஆறு வருடமாக நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஆறு வருடமாக வேண்டாம் என்றுதான் சொல்லியிருக்கிறாள். இன்று அவளே லீவ் லெட்டர் எழுதிக் கொடுத்தாள். காரணம் என்ற இடத்தில் ‘குடும்ப விசேஷம்’ என்று எழுதியிருந்தது. என்ன விசேஷம் என்று மிஸ் கேட்டார். எனக்குத் தெரியவில்லை மிஸ் என்றேன். வகுப்பே சிரித்தது.

நான்காம் பீரியடிலிருந்து தலை வலிக்கிறது. இடது பக்கம், காதுக்கு மேலே. அப்பாவின் கை அன்று அந்தப் பக்கம்தான் இருந்ததா என்று யோசித்துப் பார்த்தேன். ஞாபகம் வரவில்லை.

ஒர்க்‌ஷாப்பில் அப்பா பத்தாம் நம்பர் ஸ்பானரை எடுத்து வரச் சொன்னார். அவருடைய டூல் பாக்ஸின் அடித்தட்டில் ஒரு பிளாஸ்டிக் உறை இருந்தது. ரேஸ் ஓட்டுவதற்கான லைசென்ஸ் அட்டைகள். ஒன்று இல்லை, ஆறு. ஒவ்வொரு வருடமும் புதுப்பித்திருக்கிறார். ஒவ்வொரு படத்திலும் அப்பாவின் முன்முடி கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் போகிறது. எல்லாப் படத்திலும் கல்யாண ஆல்பத்தில் இருப்பது மாதிரி சிரிக்கிறார். நான் பார்த்ததை அவரிடம் சொல்லவில்லை. உறையை அதே மாதிரி வைத்துவிட்டு ஸ்பானரைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

வீட்டுக்கு நடந்து வரும்போது அப்பா ஓர் ஏற்பாடு சொன்னார். அங்கே என்னை மாதிரிச் சின்னவர்களைக் கார் நிற்கும் பக்கம் விடமாட்டார்களாம். எதிரே ஆட்கள் உட்கார்ந்து பார்க்கும் ஸ்டாண்டில், கம்பி ஓரமாக நான் குடையோடு நிற்க வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் அவர் என்னைப் பார்ப்பார்.

“கொடை விரிஞ்சிருந்தா நீ நல்லாயிருக்கறேன்னு அர்த்தம். மடக்கீட்டீன்னா அந்தச் சுத்தே உள்ள வந்துருவேன். எதுக்குன்னு கேக்கவே மாட்டேன்.”

“மூணாவதா வந்துட்டிருந்தாலுமா?”

“மொதலா வந்துட்டிருந்தாலும்.”

ஜவுளிக்கடையில் தீபாவளிக்குக் கொடுத்த பெரிய ரோஸ் குடைதான் சரி என்றார். ரேஸில் மஞ்சள், சிவப்பு, பச்சை, நீலம், வெள்ளை, கறுப்பு எல்லாவற்றிலும் கொடி இருக்கிறதாம். ரோஸில் மட்டும் இல்லை. ஆனால் அந்தக் குடையில் ஒரு கம்பியில் துணி கழன்று தொங்குகிறது. அப்பா நாளைக்குப் பார்க்கலாம் என்றார். அவர் நாளைக்கு என்றால் எப்போது என்று எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

ராத்திரி அம்மா ஊசியில் நூல் கோக்கக் கூப்பிட்டாள். இப்போதெல்லாம் அவளுக்குக் கிட்டத்தில் சரியாகத் தெரிவதில்லை. கத்தரிப்பூ நிற நூல். பக்கத்து வீட்டு ஜாக்கெட்டுக்காம். என் முகத்தைப் பார்த்து, “ஏன் ஒரு மாதிரி இருக்கறே?” என்றாள். ஒன்றும் இல்லை என்றேன்.

தலைவலியைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அப்பா ஓட்ட மாட்டார். ஆறு அட்டைகள்.

நவம்பர் 13, வியாழன்

சென்னைக்கு வந்துவிட்டோம். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு லாட்ஜ். பாத்ரூமில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து எழுதுகிறேன். வெளியே அப்பாவும் சேவியர் மாமாவும் மாற்றி மாற்றிக் குறட்டை விடுகிறார்கள்.

காலையில் மூன்று விஷயம் நடந்தது.

ஒன்று, கதவுப் பக்கம் குடை சாத்தியிருந்தது. கழன்றிருந்த இடம் தைக்கப்பட்டிருந்தது. கத்தரிப்பூ நிற நூல். அப்பாதான் தைத்திருக்க வேண்டும். ஆனால் அப்பாவுக்கு இவ்வளவு நெருக்கமாகத் தைக்க வருமா?

இரண்டு, கிளம்புவதற்கு முன் அம்மா என்னைக் கிழக்கே பார்த்து உட்காரவைத்து, உப்பும் மிளகாயும் எடுத்துத் தலையைச் சுற்றினாள். மற்றவர்களைப் போல “ஊர்க்கண்ணு, உறவுக்கண்ணு” என்றெல்லாம் சொல்லவில்லை. “சொன்ன சொல்லு, கேட்ட சொல்லு எல்லாம் போகட்டும்” என்று மூன்று முறை சொன்னாள். அமாவாசை கூட இல்லை. அடுப்பில் போட்டதும் மிளகாய் நெடியில் எல்லாரும் இருமினோம். நெடி வந்தால் கண்ணேறு இல்லை என்று சொல்வார்களே, அம்மா அதைக் கவனித்த மாதிரித் தெரியவில்லை. என் உச்சியில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

மூன்று, அப்பாவின் பை. ஒரு மெக்கானிக்குக்கு ஏழு ஜோடி சாக்ஸ் எதற்கு? எல்லாம் துவைத்து, உருட்டி, ஒவ்வொன்றும் தனிப் பிளாஸ்டிக் கவரில். அதற்கு மேலே என் பெயர் எழுதிய ஒரு சின்ன டப்பா. உள்ளே தலைவலி மாத்திரை. நான் அம்மாவிடம் தலைவலி என்று சொல்லவே இல்லை.

அப்பா சாக்ஸைப் பார்த்து, “இவ என்ன, நான் பனிமலைக்குப் போறேன்னு நெனச்சுட்டாளா?” என்றார். பிறகு ஒவ்வொரு ஜோடியாகத் திரும்ப அடுக்கினார்.

வேலூர் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. டீம் வேனின் வைப்பர் போதவில்லை. சேவியர் மாமா டிரைவர் பக்கத்து சீட்டில் ஜெபம் செய்துகொண்டே முறுக்கு சாப்பிட்டார்.

நவம்பர் 14, வெள்ளி

இன்று குழந்தைகள் தினம். பள்ளியில் எல்லாருக்கும் லட்டு கொடுத்திருப்பார்கள். எனக்கு சேவியர் மாமா டீயில் நனைத்த பன் கொடுத்து, “ஹேப்பி சில்ட்ரன்ஸ் டே” என்றார்.

மழை. காலையிலிருந்து ஒரே மாதிரி. இன்று பயிற்சி மட்டும்தான். ஸ்டாண்டில் என்னோடு பத்துப் பேர்கூட இல்லை. அடிப்படியில் டீ விற்கும் அக்காவிடம் அப்பா என்னை ஒப்படைத்தார். அவர் பெயர் குமுதா. “ஏம்மா, இந்த மழையிலயும் ஓட்டுவாங்களா? இதுங்களுக்கெல்லாம் பொண்டாட்டி புள்ள இல்லியா?” என்று கேட்டார். இருக்கிறார்கள் என்றேன்.

அப்பா ரேஸ் உடுப்பும் ஹெல்மெட்டும் போட்டு நான் பார்த்ததே இல்லை. பெரியவராகவும் வேறு யாரோ மாதிரியும் இருந்தார். ஆனால் காரில் ஏறும்போது இடது காலைக் கையால் தூக்கி உள்ளே வைத்தார். அதில் அப்பா தெரிந்தார்.

கார்கள் வரும்போது கார் தெரிவதில்லை. ஒரு வெள்ளைப் புகை வருகிறது. அது புகை இல்லை, டயர் கிளப்பும் தண்ணீர். நான் குடையை இரண்டு கையாலும் உயரத் தூக்கிப் பிடித்தேன். அப்படிப் பிடித்தால் தூரத்திலிருந்து தெரியும், ஆனால் நனைந்துவிடுவோம். பரவாயில்லை. நீலக் கார் என்னைத் தாண்டும்போது ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு விரல் மேலே எழுந்தது. எனக்குத்தான். பன்னிரண்டு சுற்றிலும் எழுந்தது.

ராத்திரி லாட்ஜில் அப்பா தட்டில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, சோப்பு டப்பாவை வைத்துத் தள்ளினார். அது வழுக்கிக்கொண்டு ஓடியது. “மொட்டை டயர் இப்படித்தான். தண்ணி மேல மெதக்கும்.” பிறகு சீப்பை வைத்து அழுத்தித் தள்ளினார். தண்ணீர் பல்லுக்கு நடுவே பிரிந்து வழிந்தது. “மழை டயர்ல இப்படிப் பல்லு வெட்டியிருக்கும். தண்ணிய ஒதுக்கீட்டு ரோட்டைப் புடிச்சுக்கும்.”

“அப்ப வழுக்கவே வழுக்காதா?”

அப்பா அந்தச் சீப்பால் மிச்சமிருக்கும் முடியை வாரிக்கொண்டே, “கொஞ்சமாத்தான்” என்றார்.

அம்மா போனில் கூப்பிட்டாள். “அங்க மழையா?”

“தூறலு” என்றார் அப்பா. ஜன்னல் தகரத்தில் மழை சடசடவென்று அடித்துக்கொண்டிருந்தது. அம்மாவுக்கும் கேட்டிருக்கும்.

“சாக்ஸ் மாத்துனீங்களா?”

“ம்.”

தலைவலி இப்போது இரண்டு பக்கமும். மாத்திரை போட்டேன். சத்தியத்துக்கு மாத்திரை கேட்குமா தெரியவில்லை.

நவம்பர் 15, சனி

இன்று நேரம் பார்த்து இடம் கொடுப்பார்கள். யார் ஒரு சுற்றை வேகமாக ஓட்டுகிறாரோ அவர் நாளை முதல் இடத்திலிருந்து கிளம்பலாம்.

நாலாவது சுற்றில் நீலக் கார் என் கண்ணுக்கு முன்னாலேயே சுழன்றது. சத்தமே இல்லாமல், சாப்பாட்டு மேசையில் மூடியைச் சுற்றிவிட்ட மாதிரி, இரண்டு சுற்று. புல்லில் போய் நின்றது. நான் கண்ணை மூடவில்லை. மூடினால் குடை சாய்ந்துவிடும் என்று பயந்தேன். கார் மறுபடி கிளம்பியது. அடுத்த சுற்றில் இரண்டு விரல். குமுதா அக்கா என் கையில் ஒரு டீயைத் திணித்து, காசு வேண்டாம் என்றார்.

அப்பாவுக்கு ஏழாவது இடம். பதினெட்டுக் காரில் ஏழு.

“ஆறு வருஷம் துரு ஏறுன ஆளுக்கு ஏழாவது எடம்னா, தொடைச்சு வெச்சா எத்தனை?” என்று சேவியர் மாமா எல்லாரிடமும் கேட்டுக்கொண்டே திரிந்தார். அப்பா ஹெல்மெட்டைக் கழற்றியபோது அவர் முகம் அந்த அட்டைப் படங்களில் இருந்த முகம். அதை நான் வீட்டில் பார்த்ததில்லை. இதை எழுதும்போது எனக்கு ஏனோ அழுகை வருகிறது.

எனக்குக் குளிர்கிறது. ஆனால் உடம்பு சூடாக இருக்கிறது. பல் தாளம் போடுவது தெரியாமல் இருக்கத் துண்டைக் கடித்துக்கொண்டு இருந்தேன். அப்பா கேட்டார், “ஏன் கண்ணு, மொகம் வாடிக் கெடக்குது?” தூக்கம் வருகிறது என்றேன்.

அம்மாவின் போன் ஏழு மணிக்கு வந்தது. என்னிடம் கொடுக்கச் சொன்னாள். “சாப்ட்டியா?” என்றாள். ஆமாம் என்பதற்குள் இருமல் வந்துவிட்டது. நிறுத்த முடியவில்லை. அம்மா அந்தப் பக்கம் நான் இருமி முடிக்கும் வரை கேட்டுக்கொண்டிருந்தாள்.

“சரி. தலைக்குத் துணி கட்டீட்டுத் தூங்கு” என்று வைத்துவிட்டாள். எவ்வளவு நேரம் என்று பார்த்தேன். ஒரு நிமிடம் நாலு நொடி. எப்போதும் அரைமணி நேரம் பேசுவாள்.

நாளைக்குத்தான் ரேஸ். இரண்டு நாள் ஓட்டியது சத்தியத்தை மீறியதில் சேருமா, ரேஸ் ஓட்டினால்தான் சேருமா? ‘ரேஸ்ல வண்டியோட்ட மாட்டேன்’ என்றுதான் சொல்லச் சொன்னாள். அப்படியென்றால் நாளைக்குத்தான்.

பயம் இல்லை என்று செவ்வாய்க்கிழமை எழுதியிருந்தேன். அது பொய்.

நவம்பர் 16, ஞாயிறு

கோயம்புத்தூர் ரயிலில் மேல் பெர்த்தில் படுத்து எழுதுகிறேன். கீழே அம்மா தூங்குகிறாள். ஆமாம், அம்மா. வரிசையாக எழுதுகிறேன்.

ரேஸ் இரண்டரைக்கு என்றார்கள். மழையால் மூன்றரைக்குத்தான் கிளம்பியது. பதினைந்து சுற்று. கிளம்பும் முன் அப்பா காரில் உட்கார்ந்தபடி எதிர்ப்பக்கத்திலிருந்து என்னைத் தேடினார். குடையை ஆட்டினேன். இரண்டு விரல்.

இரண்டாவது சுற்றில் இரண்டு கார் மோதிக்கொண்டு நின்றன. ஐந்தாவது சுற்றில் அப்பா ஐந்தாவது. ஏழாவது சுற்றில் முன்னால் போன பச்சைக் கார் வளைவில் நேராகவே போய்விட்டது. ஒலிபெருக்கியில் நான்கு என்றார்கள். எட்டாவது சுற்றில் மூன்று. எதிரே சேவியர் மாமா பலகையில் பெரிய 3 போட்டு, பலகையை மட்டும் இல்லை, தன்னையே ஆட்டிக்கொண்டிருந்தார். “உங்கப்பாவா அது? யப்பா!” என்று குமுதா அக்கா கத்தினார்.

அப்போது என் தலைக்குள் ஏதோ அடிக்க ஆரம்பித்தது. கார் சத்தம் போன பிறகும் நிற்கவில்லை. வெடிப்பதற்கு முன்னால் எப்படி இருக்கும் என்று ஹரிணி சொல்லவில்லை. இப்படித்தான் இருக்கும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

யோசித்துப் பார்த்தேன். குடையை மடக்கினால் அப்பா உள்ளே வந்துவிடுவார். மூன்றாவது இடம் போய்விடும். மடக்காவிட்டால் என் தலை வெடிக்கும். அப்போதும் குடை கீழே விழும், அப்பா உள்ளே வந்துவிடுவார், மூன்றாவது இடம் போய்விடும். எப்படிக் கணக்குப் போட்டாலும் அது போய்விடுகிறது. அப்படியென்றால் நானே மடக்குவதுதான் நல்லது. தலையாவது மிஞ்சும். அப்பாவும் அழ மாட்டார்.

குடைக்கம்பியில் இருக்கும் கிளிப்பில் கட்டைவிரலை வைத்தேன்.

என் கைமேல் இன்னொரு கை வந்து அழுத்திப் பிடித்தது.

“நேராப் புடி. சாஞ்சா அவருக்குத் தெரியாது.”

அம்மா. தலையில் பிளாஸ்டிக் கவர், தோளில் ஒயர் கூடை, முழங்கால் வரை சேறு. திருப்பூருக்குக்கூடத் தனியாகப் போகாதவள், ராத்திரி பஸ் ஏறி, மழையில் மதியத்துக்குத்தான் கோயம்பேட்டில் இறங்கி, கேட்டுக் கேட்டு வந்திருக்கிறாள்.

“அம்மா, அப்பா மெக்கானிக்கா வரல...”

“தெரியும்.”

“அவரு வண்டி ஓட்டறாரு...”

“தெரியுங்கறேன்ல.”

“எப்படித் தெரியும்?”

அம்மா மழையைப் பார்த்தாள். “உங்கப்பன் மூஞ்சில எல்லாம் எழுதியிருக்கும். படிக்கறவளுக்குத் தெரியும்.”

நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சத்தியம், தலைவலி, ஹரிணி, கன்றுக்குட்டி. அம்மா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். “அனலாக் கொதிக்குது. மூணு நாளு ஈரத்துல நின்னா காய்ச்ச வராம கல்யாணமா வரும்?” என்றாள். பிறகு உள்ளங்கையை முழுசாக என் உச்சியில் வைத்தாள்.

“கேட்டுக்கோ. இந்தத் தலையில சத்தியம் வாங்குனவ நானு. நானே திருப்பி எடுத்துட்டேன். வியாழக்கெழமையே எடுத்துட்டேன். ஒண்ணும் ஆகாது.”

“அப்ப எதுக்கும்மா அன்னிக்கு என் தலையில...”

“அன்னிக்கு எனக்கு வேற எதுவும் கெடைக்கல சாமி. உன் தலைதான் பக்கத்துல இருந்துச்சு.”

அதற்குள் கார் சத்தம் நெருங்கியது. அம்மா ஒரு கையால் குடையை என் கைக்கு மேலே பிடித்து இன்னும் உயரத் தூக்கினாள். இன்னொரு கையால் என்னை இழுத்து அணைத்தாள். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள்.

“போயிட்டாரா?”

“போயிட்டாரும்மா.”

“ஒழுங்கா?”

“ரெண்டு வெரல் காட்டுனாரு.”

அது ஒன்பதாவது சுற்று. பத்தாவது சுற்றிலும் அப்படித்தான். கார் வந்தால் கண்ணை மூடுவாள், குடை மட்டும் ஆடாது. பதினொன்றாவது சுற்றிலும். இரண்டு விரல் எழவில்லை, ஆனால் ஹெல்மெட் எங்கள் பக்கம் திரும்பியது.

“இந்தச் சுத்துலயாச்சும் பாரும்மா” என்றேன். “அழகா ஓட்டறாரு.”

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்து, கண்ணை நன்றாக விரித்து, கார் வரும் பக்கம் பார்த்தாள். சத்தம் வந்தது. வெள்ளைக் கார். சிவப்புக் கார். அடுத்து நீலம் வர வேண்டும். வந்தது ஆரஞ்சு. அதற்கு அடுத்து மறுபடி வெள்ளை.

நீலம் வரவே இல்லை.

அம்மா கத்தவில்லை. உட்காரவும் இல்லை. குடையை இன்னும் மேலே தூக்கினாள். குதிகாலை எக்கித் தூக்கினாள். “நீ தப்பாப் பாத்திருப்பே. இன்னொருக்காப் பாரு” என்றாள். இனிப் பார்க்கக் காரே இல்லை.

“அங்க பாருங்க, அங்க!” என்று குமுதா அக்கா எதிர்ப்பக்கம் கை நீட்டினார். அங்கே சேவியர் மாமா தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார். அவருக்குப் பக்கத்தில் நீலக் கார், முழுசாக. காருக்குப் பக்கத்தில் அப்பா ஹெல்மெட் இல்லாமல், நனைந்த தலையோடு, இரண்டு கையையும் எங்களைப் பார்த்து ஆட்டிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் அம்மா உட்கார்ந்தாள்.

சுற்றிக்கொண்டு எங்கள் டீமின் ஷெட்டுக்குப் பின்பக்கம் போவதற்குள் ரேஸ் முடிந்துவிட்டது. அப்பா நொண்டிக்கொண்டே வேகமாக வந்தார். அம்மா அவரை ஒரு பிடி பிடித்தாள்.

“கொடை விரிஞ்சுதான இருந்துச்சு? எதுக்கு உள்ள வந்தீங்க?”

“வளரு...” என்றார் அப்பா.

“வண்டில ஏதாச்சும் கோளாறா?”

“ஒண்ணுமில்ல.”

“டயரு?”

“நல்லாத்தான் இருக்குது.”

“அப்புறம் என்னத்துக்கு? மூணாவதா வந்துட்டிருந்தீங்க. நான் பஸ்ஸுல ராப்பூரா முழிச்சு வந்து, கொடையத் தூக்கிப் புடிச்சு...”

அப்பா மெதுவாகச் சொன்னார். “நீ கண்ண மூடீட்டு நின்னே.”

“அந்த வேகத்துல என் கண்ணு தெரிஞ்சுதாக்கும்?”

“மொதத் தடவை சாமி கும்படறேன்னு நெனச்சேன். அடுத்த சுத்துலயும் மூடியிருந்துச்சு. அதுக்கடுத்ததுலயும். அப்புறம் எனக்கு ரோடு தெரியல வளரு. அதான் வந்துட்டேன்.”

“அடுத்த சுத்துல தொறந்துட்டேன்!” என்றாள் அம்மா. “இந்த மனுசன் வருவாருன்னு கண்ணத் தொறந்து பாத்தா, ஆளக் காணோம்!” என்று சொல்லி அழ ஆரம்பித்துவிட்டாள்.

“அடடா” என்றார் அப்பா.

சேவியர் மாமா எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். “மூணாவது எடம் போச்சேன்னு நானும் அழுவலாம்னு பாத்தேன். இங்க எடமே இல்ல” என்றார்.

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, கூடையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்தாள். எட்டாவது ஜோடி சாக்ஸ். “மொதல்ல இதப் போடுங்க. காலு ஊறிப் போயிருக்கும்.”

அப்பா அங்கேயே ஒரு டயர்மேல் உட்கார்ந்து போட்டுக்கொண்டார்.

நவம்பர் 17, திங்கள்

வீடு. டாக்டர் வைரல் காய்ச்சல் என்றார். இன்று காலை நூற்று இரண்டு இருந்தது, மாலையில் இறங்கிவிட்டது. மிளகு ரசம். இன்னொரு லீவ் லெட்டர். இந்தத் தடவை உண்மையான காரணம்.

சாப்பிட்ட பிறகு அப்பா என் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். தொண்டையைச் செருமினார். “வளரு, இங்க வா. நான் ஒண்ணு சொல்லோணும். இனிமே சத்தியமா...” என்று என் தலைப் பக்கம் கையை நீட்டினார். அம்மா அந்தக் கையில் பட்டென்று ஒன்று வைத்தாள்.

“போதும்! அந்தத் தலைக்கு லீவு.”

“அப்ப என் தலையிலயே...”

“அதுல அடிக்க என்ன இருக்குது?”

நான் சிரித்ததில் இருமல் வந்துவிட்டது. அப்பாவும் சிரித்தார். அம்மா மட்டும் சிரிக்காமல் துணி மடித்துக்கொண்டே சொன்னாள். “சத்தியமெல்லாம் வேண்டாம். போறதுன்னா என்கிட்டச் சொல்லீட்டுப் போங்க. நானும் வாரேன். கண்ணத் தொறந்துட்டே நிப்பேன். நீங்களும் பாதியில வரக் கூடாது. கடைசி வரைக்கும் ஓட்டோணும்.”

அப்பா போய், அம்மா மடித்துக்கொண்டிருந்த புடவையின் மறுமுனையைப் பிடித்துக் கொடுத்தார். அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

எல்லாரும் படுத்த பிறகு நோட்டைப் பழைய இடத்தில் வைக்கப் போனேன். வெட்டுத்துணிப் பை லேசாக இருந்தது. துணியெல்லாம் கொட்டியாகிவிட்டது. அடியில் ஒரு புது இருநூறு பக்க நோட்டு மட்டும் இருந்தது. அதற்குக் கத்தரிப்பூ நிறத் துணியில் அட்டை தைத்திருந்தது. நெருக்கமான தையல்.

யார் வைத்தது என்று நான் கேட்கப் போவதில்லை. இந்த நோட்டிலும் இன்னும் இரண்டு பக்கம்தான் மிச்சம் இருக்கிறது.

இந்தப் பக்கத்திலிருந்து கொஞ்சம் பெரிய எழுத்தாக எழுதலாம் என்று இருக்கிறேன். சின்ன எழுத்தைச் சமையலறை விளக்கில் படிப்பது கஷ்டம். அதுவும் ஊசியில் நூல் கோக்கவே ஆள் தேவைப்படுகிறவர்களுக்கு ரொம்பக் கஷ்டம்.

தலை வலிக்கவில்லை, அம்மா.